உருளையை நிறுத்தும் பலகை

மலாயாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் ஃபிட்டர், மெசின்களைப் பழுதுபார்ப்பவன். பெயர் உடையப்பன், வாய் கொஞ்சம் நீளம். உறைந்த ரப்பர் பாலை நசுக்கித் தகடாக்கும் உருளை, போன வருடம் இருளாயியின் இரண்டு விரல்களைத் தின்றது. அதற்குப் பிறகு நானே ஒரு கருவி செய்தேன். முழங்காலால் பலகையை இடித்தால் இரண்டு செப்புத் தகடுகள் ஒட்டும், மின்சாரம் பாயும், காந்தம் பெல்ட்டைத் தள்ளிவிடும், உருளை நின்றுவிடும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் தோட்டத்து மேனேஜர் துரை சோதிக்க வந்தார். பலகையை இடித்தேன். சனியன் பிடித்த உருளை தன் பாட்டுக்குச் சுற்றியது.

"சாயங்காலம் வருவேன். நிற்கலைன்னா கழட்டிடு" என்று போய்விட்டார்.

நேற்றுக் காலைவரை நின்றதே! டைனமோ, கம்பி, காந்தம் எல்லாம் சரி. பெட்டியைத் திறந்தேன். இரண்டு செப்புத் தகடுகளிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அதைத் தாண்டி மின்சாரம் எப்படிப் பாயும்?

"எந்த மகராசி வேலை இது?"

உருளையில் வேலை செய்யும் காளியம்மா நிமிர்ந்தாள். "நான்தாண்ணே. எல்லா மெசினுக்கும் பொட்டு வச்சிட்டு, கையைக் காப்பாத்துறதுக்கு மட்டும் வைக்காம விடுறதா? பாவம்லா!"

திட்ட வாயெடுத்தவன் தகடுகளைத் திரும்பப் பார்த்தேன். சுரண்டிவிடலாம். அடுத்த வருடமும் வைப்பாளே. களிம்பும் பிடிக்கும், எறும்பும் ஏறும். அப்போதுதான் உறைத்தது: நிறுத்துவதற்கு எதற்கு மின்சாரம்? ஓடுவதற்கு அல்லவா அது வேண்டும்!

எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினேன். இப்போது தகடுகள் ஒட்டியிருந்தால்தான் காந்தம் பெல்ட்டைப் பிடித்திருக்கும். பலகையை இடித்து அவை விலகினால் ஸ்பிரிங் பெல்ட்டை இழுத்துத் தள்ளிவிடும், உருளை நிற்கும்.

"காளியம்மா, வை பொட்டு!" என்று தகடுகளை விலக்கிக் காட்டினேன். வைத்தாள். உருளை அசையவே மறுத்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை: இனி எது கெட்டாலும் உருளை நின்றுதான் போகும்.

துரை வந்தபோது சந்தனத்தைத் துடைத்து ஓடவிட்டிருந்தேன். களையெடுப்புக்கு மாற்றப்பட்டிருந்த இருளாயியும் கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"நான் இடிக்கட்டாண்ணே?"

இடித்தாள். உருளை சட்டென்று நின்றது. துரை தலையாட்டினார். "சரி, இருக்கட்டும்."

இருளாயி நகரவில்லை. "மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினேன். முன்னைவிட ஓங்கி இடித்தாள். நின்றது. கண்ணில் நீர் வழிய உருளையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் ஓட்டுங்கண்ணே."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஓட்டினேன்.