அஸ்தமனம் வரைக்கும் கெடு

போட்டியில் ஜெயித்தவரைப் பற்றி ஊரே பேசும். தோற்றவரைப் பற்றிக்கூட நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். அந்தப் போட்டியை நடத்திய மகராசியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? முப்பது படத்தையும் வாங்கி, எண் போட்டு, "அனுப்பிட்டீங்களா, எப்ப அனுப்புவீங்க" என்று ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளக் கேட்டு, கடைசியில் எல்லாரிடமும் பேச்சு வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் அவள்தான். இது அப்படிப்பட்ட ஒருத்தியின் கதை.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிப்பது. மோவாயைக் கருவியின் தாங்கியில் வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ளச் சொல்வாள். உள்ளே பார்த்தால் ஒரு நீளச் சாலை, அதன் முடிவில் வானத்தில் ஒரு பலூன். அது மங்கும், தெளியும், திரும்ப மங்கும். பத்து வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அந்தப் பலூனைக் காட்டிக் காட்டி, அவள் நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டது என்று நாத்தனார் கேலி பண்ணுவாள். புருஷன் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் அதட்டலுக்கு எதிரே பலூனாவது, மிதப்பாவது.

இனி அந்தக் குழு. படம் வரைகிற ஆசையுள்ள நாற்பது தமிழ் ஆட்கள், உலகம் பூராவும் சிதறிக் கிடக்கிறவர்கள், இணையத்தில் ஒன்று சேர்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். இவள் கண்ணாடியக்கா. இரண்டு மாதத்துக்கு ஒரு வடிவமைப்புப் போட்டி. பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்தவர் அடுத்த போட்டியை நடத்த வேண்டும், அதுதான் பரிசு. நடத்துகிறவர் தானே வரையக்கூடாது. பேர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவர் படத்தைப் பற்றி மூன்று வரியாவது எழுதிய பிறகுதான் முடிவைச் சொல்ல வேண்டும்.

இதில்தான் அவள் வசமாக மாட்டிக்கொண்டாள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஜெயித்தாள், நடத்தினாள். அதில் ஜெயித்தவர், "வீடு மாத்துறோம்க்கா, இந்த ஒரு தடவை நீங்களே பாத்துக்கங்களேன்" என்றார். சரி என்றாள். அடுத்தவருக்கு முதுகுவலி. அதற்கடுத்தவர் பதிலே போடவில்லை. போகப் போக, நன்றாக வரைகிறவர்கள் வேண்டுமென்றே எங்காவது ஒரு சொதப்பலை வைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்கே ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்று பயம். பாருங்களேன், அருமையான ஒரு நாற்காலி, அதற்கு மூன்றரைக் கால்! அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் ஏழாவது தடவையும் அவளே நடத்தினாள். முடியாது என்று சொல்லத் தெரியாத வாய் அது.

பதினான்கு மாதமாக அவள் ஒரு கோடு போடவில்லை. கை நமநமவென்றது. பேருந்தில் நிற்கும்போது முன்னால் இருப்பவரின் காது, கம்பியின் வளைவு, ஜன்னல் ஓரத்தில் தேங்கிய நீர் எல்லாம் வரையச் சொல்லிக் கெஞ்சும். பிறகு என்று தள்ளிப் போடுவாள். பையில் இருக்கும் கைபேசி அதற்குள் நாலு தடவை துடித்திருக்கும்.

இந்தத் தடவை விடிவு ஒன்று வந்தது. பூசணி என்ற ரொட்டிக் கடைக்காரர், "ஜெயிச்சாலும் தோத்தாலும் அடுத்தது நான்தான்க்கா" என்று தானாக முன்வந்தார். கடையைப் புதுப்பிக்க இரண்டு மாதம் மூடுகிறார்களாம். "சனிக்கிழமை என் கையில குடுத்துடுங்க. அப்பத்தான் கடை திறக்கறதுக்குள்ள முடிக்க முடியும். ஒரு நாள் தவறினாலும் என்னால ஆகாது." அதாவது, ஞாயிற்றுக்கிழமை கெடு முடிந்து, அந்த வெள்ளிக்குள் முடிவைச் சொல்லிவிட்டால் அவள் வரையலாம். இல்லாவிட்டால் மறுபடியும் பழைய செக்கு.

போட்டிக்குத் தலைப்பு, "தூக்கம் வராதவர்களுக்கு ஒரு போர்வை". அவள் வைத்ததுதான்.

கெடு விஷயத்தில் இந்தக் குழுவுக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. இத்தனை மணி என்று சொல்ல மாட்டார்கள். அவரவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சூரியன் அஸ்தமிக்கிற வரைக்கும் நேரம். எல்லா ஊரிலும் அஸ்தமித்த பிறகுதான் போட்டியை மூட வேண்டும். முதல் முதலில் கூடிய எட்டுப் பேர் ஏதோ குஷியில் வைத்த விதி.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். கெடு நாளன்று சமையலறை மேஜையில் உட்கார்ந்திருப்பாள். முதலில் கிழக்குக் கோடியில் இருப்பவர்களின் படம் வரும். பிறகு அவர்களுக்கு மேற்கே இருப்பவர்கள், அதற்கும் மேற்கே. கடல் ஒன்றைத் தாண்டும்போது ஒரு மணி நேரம் யாரும் வர மாட்டார்கள். இருட்டு உலகத்தின் மேல் மெல்ல நகர்ந்து போவதை அந்த மேஜையிலிருந்தே பார்க்கலாம். மழைச் சத்தத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து நெய்த போர்வை வந்தது. கவலைக்கொரு பையாக முப்பது பை தைத்த போர்வை வந்தது. இன்னொன்றில் விளக்கணைத்த வீட்டின் வரைபடம் உள்பக்கமாக இருந்தது. போர்த்திக்கொண்டால் எல்லாக் கதவும் தாழிட்டிருப்பது விரலுக்குத் தெரியும். திங்கள் மத்தியானத்துக்குள் முப்பது வந்துவிட்டன. வர வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று.

அது ஆந்தையுடையது. எங்கோ வடக்குக் கோடியில் மீன் ஆலையில் வேலை செய்கிற பெண், குழுவுக்குப் புதுசு, முதல் போட்டி.

"அனுப்பிட்டியாம்மா?"

"இங்க இன்னும் அஸ்தமிக்கலக்கா."

அவள் சிரித்துக்கொண்டாள். செவ்வாயன்று கேட்டாள். "இன்னும் இல்லக்கா." புதன்கிழமை அந்த ஊரைப் பற்றித் தேடிப் பார்த்தாள். கோடையில் அங்கே சூரியன் வானத்தைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர இறங்காது. அடுத்த அஸ்தமனத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள்.

குழுவில் சொன்னாள். சொல்லாமலேயே இருந்திருக்கலாம். விதி என்றால் விதிதான் என்று பட்டாணி என்கிறவர் ஒற்றைக் காலில் நின்றார். அதெப்படி, முப்பது பேர் ஒருத்திக்காகக் காத்திருப்பதா என்று மூன்றரைக் கால் நாற்காலிக்காரர் எகிறினார். ஓட்டுக்கு விட்டார்கள். பதினைந்துக்குப் பதினைந்து. கண்ணாடியக்கா சொல்வதுதான் முடிவு என்று பாரத்தைத் தூக்கி அவள் தலையிலேயே கட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவர்களோடு யார் மாரடிப்பது?

அவள் மூன்று மூன்று வரியாக எழுதிக்கொண்டிருந்தாள். பேருந்தில் நாலு, மத்தியான இடைவேளையில் மூன்று, ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் நடுவில் அரை. ஒரு பெரியவரிடம், கீழ்வரிசை எழுத்து தெரிகிறதா என்று கேட்பதற்குப் பதில், "போர்வை தெளிவா தெரியுதாங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் பாவம், தேடிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார்.

வியாழக்கிழமை நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க எல்லாருக்கும் ஓட்ட வந்துடும். நிறுத்தத்தான் வராது. நீங்க அந்த ரகம். மூடித் தொலைங்க."

"அந்தப் பொண்ணு பாவம்டி. முதல் போட்டி."

"நீங்க பாவமில்லையா? போன வருஷம் வாங்கின பென்சிலு இன்னும் பிரிக்காம கெடக்கு. அண்ணன் போன்ல கேட்டா என்ன சொல்றது, உங்க பொண்டாட்டி சூரியனுக்காகக் காத்திருக்காங்கன்னா?"

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணாடியக்கா ஆந்தையைக் குரல் அழைப்பில் கூப்பிட்டாள். அதுவரை எழுத்தாகவே இருந்தவள், பேசினால் சின்னக் குரல், நடு நடுவே மூச்சு வாங்கியது.

"ஏமாத்தறேன்னு நினைக்காதீங்கக்கா. போர்வை போன வாரமே முடிஞ்சிடுச்சு. முடிச்சு வச்சுட்டுப் பாப்பேன், வெளிச்சத்துல ஒரு குறை தெரியும், திருத்துவேன். இருட்டினா நிறுத்திடலாம்னு நினைப்பேன். இருட்ட மாட்டேங்குதுக்கா. ஆலையிலேருந்து வந்து படுத்தாலும் கண்ணுக்குள்ள வெளிச்சம். நான் ஒழுங்கா தூங்கி மூணு வாரமாச்சு."

முப்பது பேர் போர்வை வரைந்திருந்தார்கள், தூக்கம் வராதவள் இவள் ஒருத்திதான்.

போனை வைத்ததும் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார், "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்று சொல்லித் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதும் ஆந்தைக்கு எழுதினாள். "இன்னைக்கு என் ஊர் அஸ்தமனத்தை உனக்குத் தர்றேன். ஜன்னலை எதையாவது போட்டு மூடு. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம். இங்க இருட்டிட்டா உனக்கும் இருட்டிடுச்சுன்னு அர்த்தம். அப்ப கையில எப்படி இருக்கோ அப்படியே அனுப்பிடணும். பத்து நிமிஷம் கழிச்சு நான் மூடிடுவேன்."

"சரிக்கா" என்று வந்தது.

அவர்கள் வீட்டு அறை எதிலும் மேற்கே பார்த்த ஜன்னல் கிடையாது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் மட்டும் ஒன்று இருந்தது. அங்கே படியில் அவளும் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். மடியில் கணினி. கைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் படமெடுக்கும் பக்கத்தைச் சூரியன் பக்கம் திருப்பினாள். திரையில் ஆந்தையின் அறை தெரிந்தது. ஜன்னலில் அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒட்டியிருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் முகம் மட்டும் கைபேசி வெளிச்சத்தில் மங்கலாக.

எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. ஆரஞ்சாகி, சிவப்பாகி, தொட்டியின் விளிம்பு மட்டும் சற்று நேரம் ஒளிர்ந்தது. கீழே தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டார்கள். வானம் ஊதாவாகி, எங்கிருந்தோ நாலு பறவை குறுக்கே போயின. படிக்கட்டில் இருட்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறி வருவதுபோல் இருந்தது. காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"இருட்டிடுச்சு. அனுப்பும்மா" என்றாள்.

பதில் இல்லை. திரையைப் பார்த்தார்கள். ஆந்தை தலையணையில் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, கையில் கைபேசியோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிஷம் போயிற்று. எட்டு போயிற்று.

வாரம் பூரா மூடு மூடு என்று உயிரை எடுத்த நாத்தனார்தான் இப்போது அவள் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, ஒரு குரல் குடுங்க. போர்வை முடிஞ்சுதானே இருக்கு. எழுப்பினா ஒரு நொடியில அனுப்பிடுவா. முதல் போட்டின்னு நீங்கதானே சொன்னீங்க."

எழுப்பலாம். எழுந்தால் அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பாள், அதில் ஒரு குறை தெரியும். இதை அவள் நினைத்தாள். சனிக்கிழமையையும் நினைத்தாள், பொய் சொல்லக்கூடாது. தன் ஆசைக்காகத்தான் ஒருத்தி உழைப்பை வெளியே தள்ளுகிறோமோ என்று உறுத்தியது. உறுத்தினாலும் வாயைத் திறக்கவில்லை.

"தூங்கட்டும்டி" என்றாள். அழைப்பைச் சத்தமில்லாமல் துண்டித்துவிட்டுப் போட்டியை மூடினாள்.

பேர் கொடுத்தவர் எல்லாருக்கும் மூன்று வரி எழுத வேண்டுமே. ஆந்தையின் பேருக்குக் கீழே அந்தப் படியிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

"உன் போர்வையை நான் பார்க்கவில்லை.
பார்க்காததைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
நீ தூங்கியதைப் பார்த்தேன்."

பிறகு முடிவை அறிவித்தாள். விளக்கணைத்த வீட்டுப் போர்வைதான் ஜெயித்தது. குழுவில் வாழ்த்தும் முணுமுணுப்பும் வந்தன. விதியை மீறிவிட்டதாகப் பட்டாணி நீளமாக எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு, "ஆமாம், மீறிட்டேன்" என்று மட்டும் பதில் போட்டாள்.

சனிக்கிழமை காலை பூசணி புதுத் தலைப்பை அறிவித்தார். கண்ணாடியக்கா தன் பேரைக் கொடுத்தாள். ஆனால் கடையில் பரிசோதனை அறைக்குப் பின்னால் உட்கார்ந்து, மத்தியான இடைவேளையில் காகிதத்தை விரித்தபோது கை ஓடவில்லை. அந்தப் பெண் எழுந்தவுடன் என்ன நினைப்பாள் என்பதே மனசில் நின்றது. திட்டட்டும். குழுவைவிட்டுப் போய்விடுவாளோ? போனால் அந்தப் பழி தன்னுடையதுதான்.

ஆந்தை தூங்கிப் பதினேழு மணி நேரம் கழித்து, அப்போதுதான் கைபேசி துடித்தது.

"அக்கா. தூங்கிட்டேன். மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்ம்மா."

அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாக வெகு நேரம் போயிற்று. இவள் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"நல்ல வேளை" என்று வந்தது.

அதை மூன்று தடவை படித்தாள். கண் கலங்கியது, எழுத்து மங்கிற்று. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் கோட்டைப் போட்டாள். பதினான்கு மாதத்துத் துரு, கோணலாக வந்தது. அழிக்காமல் அடுத்ததைப் போட்டாள்.