தலைவர் சாப்பிட்ட அரைத்தட்டுச் சோறு

நகரசபைத் தலைவர் ஏழைகளோடு ஒரு வேளை சோறு உண்பார் என்று அறிவிப்பு வந்தது. ஏழைகளுக்கு அன்று வசதிப்படுமா என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் தள்ளுவண்டி தெருவில் நிற்கலாம், எது போகவேண்டும் என்ற பட்டியலில் மறுநாள் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான். அதனால், தெருவே அக்கா என்று கூப்பிடுகிறவள், விருந்து நடக்கவிருந்த தன் சோற்று வண்டியில் ஐந்து குழம்பு வைத்திருந்தாள்.

அதில் இறால் முந்தின நாள் வாங்கியது. பதினோரு மணிக்கு அந்தக் குழம்பு நுரைத்துப் புளித்த வாடை அடித்தது. கொட்டுவதற்குள், வாழ்நாளில் முதல் தடவையாகத் தலைவர் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

கரண்டி கவிழ்ந்து கிடக்கும் சட்டியைத் தொடக்கூடாது என்பது அந்த வண்டியின் விதி. அக்கா இறால் சட்டிமேல் கரண்டியைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"கரண்டியெல்லாம் ஒரே மாதிரி நிக்கணும். படத்துல அசிங்கமா தெரியும்," என்றார் தலைவரின் உதவியாளர். அக்காவின் கணவன், இஸ்திரி சட்டையால் 'மேனேஜர்' என்று பெயர் வாங்கியவன், எல்லாக் கரண்டிகளையும் நிமிர்த்தினான்.

அக்கா திரும்பியபோது தலைவர் கையில் தட்டு. சோற்றின் உச்சியில் இறால்.

"ஏங்க, எந்தச் சட்டியிலேருந்து ஊத்துனீங்க?"

"எல்லாத்துலேருந்தும்தான். தலைவருக்குப் போய்க் கஞ்சத்தனமா?"

"ஒரு கரண்டி கவுந்து கிடந்துச்சே!"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினான். "வாயத் திறந்துடாதே. வண்டி போயிடும்."

"அவரே போயிட்டா?"

தலைவர் ஒரு பிடி சோற்றை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். கேமராக்கள் மின்னின. பிடி அப்படியே தட்டுக்குத் திரும்பியது.

"அடடா, அமிர்தம்! பாதித் தட்டு காலி!" என்றார் மைக்கில். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. அக்காவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"சமைச்ச மகராசனுக்கு என் கையால ஒரு வாய்!"

அந்தப் பிடி மேனேஜரை நோக்கி வந்தது. எல்லாம் தெரிந்தும், பட்டியலை நினைத்து, அவன் கண்ணை மூடி வாயைத் திறந்தான்.

"வேண்டாங்க! அது கெட்டுப்போன குழம்பு!" என்று அக்கா அலறினாள்.

பிடி தரையில் விழுந்தது. மொத்தத் தெருவும் பாதித் தட்டு தின்ற மனிதரைப் பார்த்தது. தலைவர் மைக்கைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதைவிட நோயாளி ஆவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். தட்டை வண்டியில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"விஷம் வெச்சுட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

உதவியாளர் தட்டுக்குக் கை நீட்டினார். "தள்ளும்மா, கொட்டிடறேன்."

அக்கா முந்திக்கொண்டு தட்டைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குழம்பு துணியில் வழிந்தது.

"தர மாட்டேன். போலீஸ் வந்து பாக்கட்டும், எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு." கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கீழ விழுந்த பிடியை யாரும் மிதிக்காம பாத்துக்குங்க. அதுவும் சேர்ந்தாத்தான் தட்டு முழுசு."

மேனேஜர் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அந்தச் சோற்றைச் சுற்றி அணை கட்டினான்.