பேஸ் கிட்டாருக்கு நாலு விரல்

என் பேஸ் கிட்டாரைச் சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாமக்கல்லில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் பதினைந்து ரூபாய் என்றார். பிறகு எந்த இடத்தில் கரண்ட் வரவில்லை என்று என்னையே கேட்டார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒருவர், கழுத்தை அறுத்து வீசிவிட்டுத் தேக்கில் புதிதாகப் போட்டால் நூறு ரூபாய், பத்து வருசத்துக்கு அசையாது என்றார். எங்கள் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அங்கமுத்து, மெட்ராசில் ஐநூறு கேட்பார்கள் என்றான். அவன் மெட்ராசைப் பார்த்ததில்லை.

அந்தக் கிட்டார் பள்ளிபாளையம் காகித ஆலையில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது எனக்கு விற்றது. ஒரு கோடை முழுவதும் எங்கள் வீட்டு ஓட்டுக்கு அடியில் காய்ந்து கிடந்ததில் அதன் கழுத்து லேசாக வில்போல வளைந்துவிட்டது. நான்கு கம்பிகளும் பலகையை விட்டு எழும்பி நின்றன. அழுத்தி அழுத்தி என் விரல் நுனிகள் வெடித்தன. அதைவிட மோசம், கீழ்க் கட்டைகளில் சரியாக இருக்கும் சுருதி மேலே போகப் போக விலகியது. என் காதுக்கே அது தெரிந்தது என்றால் குழுவை நடத்தும் கந்தப்பன் அண்ணனின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"டேய் செல்லமுத்து, நாங்கெல்லாம் இந்த ஊர்ல வாசிக்கறோம், நீ மட்டும் பக்கத்து ஊர்ல வாசிக்கற," என்றார். "கோயில்ல பங்குனி நோம்பி வாரதுக்குள்ள இதச் சரி பண்ணிக்கிட்டு வா. இல்லீனா ஆர்கன்காரன் எடது கையிலயே பேஸைப் பாத்துக்குவான். உனக்கு மேடையில எடமில்ல."

மேடையில் இடமில்லை என்றால் எனக்கு ஊரிலும் இடமில்லை. திருச்செங்கோட்டில் என் தாய்மாமன் சின்னண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தார். சித்திரையில் வண்டி மத்தியப் பிரதேசம் போகும். போனால் மழைக்காலம் வரைக்கும் திரும்பாது. "பாட்டு நின்னா பையன் நம்ம வண்டியில ஏறிரோணும்," என்று மாமன் சொல்லியிருந்தார். அப்பாவும் தலையாட்டியிருந்தார். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்து படிக்கும் புத்தகங்களில் எத்தனையோ பேர் பனி பெய்யும் ஊர்களுக்கு ரயிலேறிப் போனார்கள். அவர்களில் யாரும் இரும்புக் குழாய்களின் மேல் படுத்துத் தூங்கியதாக நான் படிக்கவில்லை.

கடைசியில் சேலம் செவ்வாப்பேட்டையில் சின்னராஜ் என்று ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர். சர்ச்சில் வாசிக்கிறவர்களின் கிட்டார்களையும் பார்த்துப் பழக்கமாம். கிளம்பும்போது அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நீங்க எதுக்குங்கப்பா?"

"வெலை பேச உனக்கென்ன தெரியும்? நானும் வாரேன்."

அப்பா நாச்சிமுத்து விவசாயி. அதோடு புதன்சந்தையில் மாட்டுத் தரகும் பார்ப்பார். என் பாட்டைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ பேசியதில்லை. அவர் கூட வந்தது எனக்கு முதல் குழப்பம்.

சின்னராஜ் கிட்டாரைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து வழியாகப் பார்த்தார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. "மாட்டுக்குப் பல்லுப் பாக்கறாப்பல பாக்கறாரு," என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

"கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது தம்பி," என்றார் சின்னராஜ். "அதைத் திருகினா நிமிரும். ஒரேயடியாத் திருகினா மரம் விரிஞ்சிடும். கொஞ்சம் திருகி விட்டுட்டு, மறுநாள் பாத்து மறுபடி திருகணும். அப்புறம் கம்பி எறக்கணும், சுருதி சேக்கணும். ஒரு வாரம் ஆகும். கூலின்னு பாத்தா..."

அப்பா கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. நாலு பேரு போற எடத்துல வெலைய வாயில சொல்லலாமுங்களா?" என்று சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்து, சின்னராஜின் வலது கையின் மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார்.

எங்கள் சந்தையில் விலையை யாரும் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்துத் தெரிவிப்பார்கள். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும், வேடிக்கை பார்க்கிறவன் கெடுக்க முடியாது. ஆனால் இது சந்தை அல்ல. சின்னராஜ் துண்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டு ஒரு முறை அசைந்தது. அடங்கியது. மறுபடி அசைந்தது.

"முடிஞ்சதுங்க," என்றார் அப்பா, முகம் மலர. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ சாப்பிடப் போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் சின்னராஜ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, உங்கப்பா எதுக்கு என் விரலைப் புடிச்சாரு?"

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"அவரு நாலு விரலைப் புடிச்சாரு. பெரியவரு, மரியாதைக்குப் பண்றாருன்னு நெனச்சு நானும் நாலைப் புடிச்சேன். ஏன், தப்பா?"

"நீங்க எவ்வளவு கேக்கலாம்னு இருந்தீங்க?"

"எண்பது ரூபா."

நாலு விரல். மாட்டுக்கு ஒரு விரல் என்றால் நூறு. ஆட்டுக்கு ஒரு விரல் பத்து. கிட்டார் மாடா, ஆடா? ஆடு என்றால் அப்பா நாற்பது ரூபாய்தான் கொடுப்பார், சின்னராஜ் கிட்டாரைத் தர மாட்டார். மாடு என்றால் எண்பது ரூபாய் வேலைக்கு அப்பா நானூறு ரூபாய் கொடுப்பார். அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டு வருவார் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

உண்மையை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு முறை சந்தையில் ஒருவன் 'நான் அந்த விரலைப் பிடிக்கவே இல்லை' என்று சொன்னதற்கு, அப்பா அன்றிலிருந்து அவன் ஊர்க்காரர் யாருக்கும் தரகு பார்க்கவில்லை. இங்கே அந்தப் பேச்சு வந்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். பிறகு நோம்பி ஏது, மேடை ஏது?

"அப்பா எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கங்க," என்றேன் சின்னராஜிடம். "கொறஞ்சா மிச்சத்த நான் தாரேன். விரலப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"அதிகமாக் குடுத்தா?"

அப்பா டீயை முடித்துவிட்டாரா என்று எதிர்க்கடையை எட்டிப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். "எவ்வளவுக்குங்கப்பா பேசினீங்க?"

"துண்டுக்குள்ள பேசினத பஸ்ஸுல கேக்கறயே, நீயெல்லாம் தரகன் பெத்த பையனா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராசிபுரம் வரைக்கும் அவர் ஏதோ ஒரு திருப்தியில் இருந்தார். அம்மாவிடம் விசாரித்தேன். "உங்கொப்பன் என்கிட்ட எதச் சொல்லியிருக்காரு, இதச் சொல்றதுக்கு?" என்றாள் அம்மா கண்ணாத்தாள். அங்கமுத்துவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கழுத்து இருக்குது, கம்பி முறுக்கக் காது இருக்குது, கயிறு போட்டுத்தான் நீ மாட்டிக்கற. மாடுதான்டா. சந்தேகமே இல்ல."

நான் கந்தப்பன் அண்ணனிடம் முன்பணமாக நாற்பது ரூபாய் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆடாக இருந்தால் சமாளிக்கலாம். மாடாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, எந்தப் புத்தகத்திலும் யாரும் இப்படி ஒரு இக்கட்டில் மாட்டியதில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

கிட்டாரை வாங்கப் போகிற அன்று அப்பா ஒரு நிலக்கடலை மூட்டையைப் பஸ்ஸின் மேலே ஏற்றினார். செவ்வாப்பேட்டை மண்டியில் விற்றுத்தான் கூலி கொடுக்கப் போகிறார் என்று புரிந்துகொண்டேன். ஆனால் அவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மண்டியாகத் தாண்டி நடந்தார். "அப்பா, மண்டிங்க," என்று பின்னாலிருந்து சொன்னேன். அவர் நிற்கவில்லை. சின்னராஜ் வீட்டு வாசலில் கொண்டுபோய்த்தான் இறக்கினார்.

கிட்டார் தயாராக இருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. கம்பிகள் பலகையோடு படிந்து கிடந்தன. வாசித்தேன். கீழே இருந்த சுருதி மேலேயும் அப்படியே இருந்தது. விரல் வலிக்கவில்லை. ஒரு நிமிடம் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

"நாலு வள்ளம்," என்றார் அப்பா, மூட்டையைத் தட்டி. "அளந்து பாத்துக்கங்க. கொறையாது."

சின்னராஜ் என்னைப் பார்த்தார். நான் மூட்டையைப் பார்த்தேன். மாடும் இல்லை, ஆடும் இல்லை. தானியம் அளக்கும் வள்ளம், விரலுக்கு ஒன்று.

"இது எதுக்குங்க?" என்றார் சின்னராஜ்.

"பேசினதுதானுங்க. வருசத்துக்கு நாலு வள்ளம்."

"வருசத்துக்கா?"

"பின்ன? மரவேலைக்காரங்களுக்கு நாங்க என்னிக்குங்க காசு குடுத்தோம்? எங்கூர் ஆசாரிக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு அறுப்புக்கும் தானியம் வந்துரும். நடுவால கலப்பை ஒடஞ்சாலும் கோணினாலும் அவரு பாத்துக் குடுத்துருவாரு. நீங்களும் இத அப்படிப் பாத்துக்கோணும். தனியாக் காசு கேக்கப்படாது."

சின்னராஜ் நெற்றியைத் தேய்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ராஜம்மாள் வந்தாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டாள். "சொத்தை இல்ல. அடுத்த வருசமும் வருமாம்ல?"

"நீ வேற, சும்மா இரு," என்ற சின்னராஜ், அப்பாவிடம் திரும்பினார். "ஏங்க, உங்க பையன் பாட்டுக்கு அடுத்த வருசம் வாசிக்காம போயிட்டா? அப்ப இந்தக் கணக்கு என்ன ஆகும்?"

ரிக் வண்டி, இரும்புக் குழாய்கள், மாமன் எல்லாம் கண் முன்னால் வந்தன.

"அதுக்கு நாந்தானுங்க பொறுப்பு," என்றார் அப்பா. ஏதோ மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

அவர் வெற்றிலை வாங்க நகர்ந்தபோது நாற்பது ரூபாயை வெளியே எடுத்து, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கினேன். சின்னராஜ் தயங்கவில்லை. "அதையும் குடு தம்பி," என்று வாங்கிக்கொண்டார். "கடலையைக் கொண்டுபோயி கரண்ட் ஆபீஸ்ல குடுத்தா தொரத்துவான்."

நோம்பியில் வாசித்தேன். முடிந்ததும் கந்தப்பன் அண்ணன் என்னைத் திட்டவில்லை. அவர் பாராட்டுகிற முறை அது. இரண்டு நாள் கழித்து மாமன் வீட்டுக்கு வந்தார்.

"வண்டி சித்திரை பொறந்ததும் கெளம்புது. பாட்டு இருந்தா இருக்கட்டும் மச்சான், பாட்டு சோறு போடுமா? செல்லமுத்துவ அனுப்பி வையுங்க."

"முடியாது மச்சான்," என்றார் அப்பா. "சேலத்துல ஒருத்தருக்கு வருசக் கணக்குப் பேசியாச்சு."

"அதுக்கும் இவன் வாரதுக்கும் என்ன?"

"இவன் அங்க போயிட்டா கிட்டார் சும்மா கெடக்கும். கெட்டாலும் கொண்டுபோயிக் காட்ட ஆளில்ல. காட்டாட்டி அவருக்கு வேலையில்ல. வேலை செய்யாத மனுசனுக்கு எப்படி நான் தானியம் அளப்பேன்? அளக்கலீனா பேச்சு மாறினவன் நானு. துண்டுக்குள்ள பேசினது."

மாமன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு வள்ளம் கடலைக்காகவா பையன நிறுத்தறீங்க? அந்தக் கடலைய நான் குடுக்கறேன் மச்சான்!"

"நீங்க ஏன் குடுக்கோணும்? வெரலப் புடிச்சது நானு."

மாமன் காபியைக் குடித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நான் தூணருகில் நின்றிருந்தேன். துண்டைப் போட்ட அன்றைக்கே அப்பா இதை நினைத்திருந்தாரா, அல்லது கலப்பைக்கும் கிட்டாருக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லையா? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"டேய் சாமி," என்றார் அவர் அதற்குள். "மாசத்துக்கு ஒருக்கா அதக் கொண்டுபோயி அவருகிட்டக் காட்டிட்டு வா."

"அது நல்லாத்தானுங்கப்பா இருக்குது. என்னத்தக் காட்டறது?"

"நல்லா இருந்தாலும் காட்டோணும். சும்மா தானியம் வாங்கினா மனுசனுக்கு எப்படி இருக்கும்?"

சரிங்கப்பா என்றேன்.