எட்டடிப் பாதை

"மூணாவது வரி சொல்லுங்க."

"ட... ப... ய..."

"நாலாவது?"

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவர். கழுத்தை நீட்டிப் பார்த்தார். சோதனை ஃபிரேம் மூக்கில் சரிந்தது. "நாலாவது வரியில ஒரு பலகை வருதும்மா," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பலகையேதான். இரண்டு ஆட்கள் ஆளுயரப் பிளைவுட்டை என் கடைக்கு முன்னால் நிறுத்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்குத்தான். இரண்டு எட்டு வைத்ததும் பலகையில் முட்டிக்கொண்டேன். அதன்மேல் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம். கீழே 'புதுப்பொலிவுடன் விரைவில்'. யாரைக் கேட்டு அடிக்கிறீர்கள் என்றதற்கு, ஆட்களில் மூத்தவர் ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். 'பாதை: 3 அடி'. கீழே என் நாத்தனாரின் கையெழுத்து.

எங்கள் கண்ணாடிக் கடை ஆறடி ஆழம். தூரப் பார்வையைச் சோதிக்க இருபதடி வேண்டும். அதனால் பதினோரு வருடமாக எழுத்து அட்டை எதிர்ப்பக்கத் தூணில்தான் தொங்கியது. ஆள் கடைக்குள் உட்கார்ந்து, நடைபாதையைத் தாண்டிப் படிப்பார். குறுக்கே யாராவது ஐஸ்கிரீமோடு நின்றால், "கொஞ்சம் நகருங்க, இங்க ஒருத்தருக்குக் கண்ணு தெரியணும்," என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே நகர்வார்கள். எதிரே மூன்று கடைகளை ஒன்றாக்கிப் பெரிய செருப்புக்கடை வரப்போகிறது, அது முன்னால் நீண்டு வரும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். பாதை எட்டடி இருக்கும் என்றார்கள். எட்டும் ஆறும் பதினாலு. அதற்கேற்ற சின்ன எழுத்து அட்டை ஒன்றை வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மூன்றடி என்றால் எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றடிச் சந்துக்குள் ஒரு கடை இருக்கிறதென்று எவனுக்குத் தெரியும்?

இந்த வளாகத்தின் புதுப்பிப்பு வேலை முழுக்க என் நாத்தனார் கையில். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பதினோரு வருடத்துக்கு முன் இங்கே சாதாரண எழுத்தராக இருந்தபோது அவள்தான் எங்களுக்கு இந்தக் கடையைப் பிடித்துக் கொடுத்தாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவியிருக்கிறாள். குழம்பில் உப்பு குறைந்தாலும் கடை, கூடினாலும் கடை. எனக்கு அவளைப் பிடிக்காது. இதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

நான்காம் மாடியிலிருந்த அவள் அறைக்குப் போனேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை அதுவுமா சண்டைக்கு வந்துட்டீங்களா அண்ணி?"

"எட்டடின்னு சொன்னே. மூணடியில பலகை அடிக்கிறாங்க."

"நான் எங்க சொன்னேன்? பிளான்ல என்ன இருக்கோ அதான் எழுதிக் குடுத்தேன்."

மேசையில் விரித்திருந்த வரைபடத்தை என் பக்கம் திருப்பினாள். குனிந்து பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே, எறும்பு அளவுக்கு ஓர் எண். எட்டு. மை கொஞ்சமும் தீற்றாத, இரண்டு வட்டமும் முழுசாக மூடிய எட்டு.

"இது எட்டு."

"மூணு."

"எடுத்துப் படி."

அவள் எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன். தாளைக் கிட்டே கொண்டுவராமல் தள்ளிப் பிடித்தாள். முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னுக்கு இழுத்து, கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பதினோரு வருடமாக நாள்தோறும் பத்துப் பேரிடம் பார்க்கிற காரியம். வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவதுதான். இவளுக்கோ நாற்பத்தாறு முடிந்துவிட்டது. என் கோபம் ஒரு நொடி நின்று, பிறகு இரண்டு மடங்காக வந்தது. என்னைப் பழிவாங்க வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். கண்ணாடி போட்டால் கிழவியாகிவிடுவோம் என்று பயந்து என் பிழைப்பில் ஐந்தடியை விழுங்கியிருக்கிறாள்.

"உனக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சு," என்றேன்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்கிறவங்க எல்லாரையும் உங்க கஸ்டமரா நெனைக்காதீங்க."

சொல்லிவிட்டு, நான் கதவை நோக்கித் திரும்பியதும் செல்போனை எடுத்து வரைபடத்தைப் படம் பிடித்தாள். கதவுக் கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. திரையில் இரண்டு விரலை வைத்து அகலமாக்கினாள். விரல்கள் அப்படியே நின்றன. எட்டு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. எதிரே பலகை அடித்தாயிற்று, இரும்புச் சட்டம் இன்றைக்கு ராத்திரி, கண்ணாடிச் சுவர் நாளைக்கு, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திறப்பு விழா. நான் திரும்பி வந்து மேசைமேல் கையூன்றி நின்றேன். தப்பாகிவிட்டது அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது.

அவள் வரைபடத்தைச் சுருட்டி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"மூணுதான் அண்ணி," என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடையில் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் அறுக்கிற மனிதர். கண்ணாடித் தூளையும் மெஷின் சத்தத்தையும் தவிர உலகத்தில் எதனோடும் அவருக்கு வழக்கு கிடையாது.

"கீழ்த்தளத்துல, பார்க்கிங் பக்கம் கடை தரேன்னு தங்கச்சி போன் பண்ணினா. அங்க வெச்சுப் பாக்கலாமே," என்றார்.

"வண்டிப் புகையில உக்காந்து யாருங்க கண்ணாடி வாங்குவாங்க?"

"வெளிய தெரிஞ்சா அவ வேலை போயிடும். தனியா நிக்கிறவ. உனக்குக் கடை பெருசா, அவ பொழப்பு பெருசா?"

"எனக்குக் கடைதான் பெருசு."

அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அவர் மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டேன். மறுநாள், படம் வரைந்து கொடுத்த பொறியாளரைத் தேடிப் பிடித்து, கடை அளவு பார்க்கவேண்டும் என்று சொல்லி ஒரு நகல் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பலகைகளைக் கழற்றினார்கள். எதிரே கூரைவரை கண்ணாடிச் சுவர். உள்ளே ஒற்றை ஒற்றையாக மேடை போட்டு, விளக்கு போட்டு வைத்த செருப்புகள். என் கடை வாசலில் நின்று கை நீட்டினால் அந்தச் சுவரைத் தொடலாம். வளாகத்தின் முதலாளி வந்தார். பெருத்த உடம்பு, நல்ல வயது. ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள். பக்கவாட்டுக் காட்சியையும் பார்த்துவிடலாம் என்று யாரோ சொல்ல, முதலாளி எங்கள் சந்துக்குள் நுழைந்தார். பின்னால் கூட்டமும் நுழைந்தது. நாலு தப்படியில் எல்லாம் நின்றுபோனது. முன்னால் போகிறவர் திரும்ப முடியவில்லை, பின்னால் வருகிறவர்கள் நிற்கவில்லை. முதலாளி வயிற்றை எக்கிக்கொண்டு என் கடை வாசலில் ஒருக்களித்து நின்றார்.

"என்னம்மா இது, நடக்கிற பாதையா, பாம்புப் பொந்தா?"

என் நாத்தனார் அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். புதுப்புடவை. முகத்தில் வியர்வை. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடிக் கடைக்காரங்க முன்னாடி இழுத்துக் கட்டிட்டாங்க சார். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அவ்வளவு கிட்டத்தில் நின்று சொன்னாள். பின்பக்கம் மெஷின் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் ஏப்ரனோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைத் திறந்து நகலை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"நாங்க ஒரு அங்குலம்கூட இழுக்கல சார். பாதை எத்தனை அடின்னு இதுல போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க."

அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். "கண்ணாடி கார்லயே இருக்கு," என்று தாளை அவளிடம் கொடுத்தார். "நீயே படிம்மா."

அவள் தாளை வாங்கினாள். முகவாய் தானாக மேலே போனது. கை நீண்டது. முழங்கை செருப்புக்கடைக் கண்ணாடியில் இடித்தது. இந்தப் பக்கம் திருப்பினாள், முதலாளியின் தோள் இடித்தது. மூன்றடிப் பாதையில் கை நீட்ட இடமில்லை. தாள் மூக்குக்கு நேரே நின்றது. அவளுக்கு அது வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். பின்னாலிருந்து, "என்ன ஆச்சு? நகருங்கப்பா," என்று யாரோ கத்தினார்கள்.

"சொல்லும்மா. எத்தனை அடி?"

அவள் உதடு அசைந்தது. மூணு என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

வாசலிலேயே ரெடிமேடு கண்ணாடிகளை மாட்டியிருக்கிறேன். பவர் பார்க்கத் தேவைப்படவில்லை. நாற்பத்தாறு வயதுக்கு ஒன்றே முக்கால். ஒன்றை உருவி, கண்ணாடியின் இரண்டு காலையும் விரித்தேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன். ஒரு எட்டு முன்னால் வைத்து, அத்தனை பேர் பார்க்க, அதை அவள் முகத்தில் மாட்டினேன். காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்கிறதா என்று வழக்கம்போல விரலால் அழுத்திப் பார்த்தேன். காது சுட்டது.

"இப்போ படி."

லென்ஸுக்குள் அவள் கண்கள் பெரிதாகின. தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என் மூக்கு, நெற்றி, உதட்டோரம் என்று ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் பார்த்தாள். இமைக்கவே இல்லை. முதலாளி, "ம், சொல்லு," என்றார். அவள் கண்கள் மெல்லக் கீழே, தாளில் இருந்த எட்டுக்கு இறங்கின.