பாதித் துடுப்பு

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் பொரிப்பகத் தொட்டிகளில் நூற்றுப் பத்து சினை மீன்கள் இருந்தன. வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு. மாலை ஐந்து மணிக்குள் மீதி இரண்டும் வந்து சேராவிட்டால், ஏறி வரும் மீன் போதாதென்று சனிக்கிழமை விடிந்ததும் ஆற்றில் தூண்டில் போடத் தடை. பிப்ரவரியில் ஆறு மூடினால் அந்தப் பருவமே முடிந்ததுதான். முந்தைய இரண்டு வருடங்களும் அப்படித்தான் முடிந்தன.

ஸ்டீல்ஹெட், கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். எட்டு அணைகளைத் தாண்டி இந்த ஐடஹோ பள்ளத்தாக்கு வரை ஏறி வருபவை வருடா வருடம் குறைகின்றன. எங்களுக்குச் சினை மீன் பிடித்துத் தருபவர்கள் ஊர்க்காரர்கள்தான். தூண்டிலில் அகப்பட்டதைத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, இரு பக்கமும் மூடி, ஓடும் தண்ணீரில் கட்டிவைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள். நான் தொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போவேன்.

இரண்டரை மணிக்கு வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழே ஹார்லன் இரண்டு குழாய் கட்டியிருக்கிறார். இரண்டிலும் பெட்டை.

வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஹார்லன் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி மீன் பிடிக்க அழைத்துப் போகிறவர். முப்பது வருடமாக அதுதான் பிழைப்பு. நாங்கள் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். இந்த வருடமும் ஆறு மூடினால் படகை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஸ்போக்கேன் நகருக்கே வந்துவிடுவதாக, கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது அதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கரையில் நின்றுகொண்டிருந்தார். தாடியில் பனி ஒட்டியிருந்தது.

"வண்டிய மாடு கட்டி இழுத்துட்டு வந்தியா லெனோரா?"

"ரோடெல்லாம் வழுக்குது. நீங்க ஏன் இப்படி நனைஞ்சு நிக்கிறீங்க?"

"ரண்டாவது குழாயில இருக்கிற பொண்ணு என்னை ஆத்துல இறக்கிட்டா. சரியான ராங்கிக்காரி. உன் பாஸ் கர்ட்டுகிட்ட சொல்லு, நாளைக்கு எனக்கு ஒரு டோனட் வாங்கி வைக்கணும்."

முதல் குழாயைத் திறந்தோம். நல்ல பெட்டை, வயிறு நிறையச் சினை. முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. நாங்கள் வளர்க்கும் ஒவ்வொரு மீனுக்கும் விரல் நீளத்தில் இருக்கும்போதே அங்கே உள்ள சிறு துடுப்பை வெட்டிவிடுவோம். ஆற்றிலேயே பிறந்ததற்கு அது முழுதாக இருக்கும். அப்படிப்பட்ட மீனை நாங்கள் எடுக்கக்கூடாது. முட்டைக்காகப் பெட்டையின் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் பிறந்தவை இப்போது மிகச் சொற்பம்.

முதல் மீனை வண்டித் தொட்டியில் விட்டுவிட்டு வந்து இரண்டாவதைத் தூக்கினேன். தடவிய விரல் நின்றுவிட்டது.

அங்கே துடுப்பு இருந்தது. பாதி.

ஹார்லன் என் முகத்தைப் பார்த்தார். "என்ன?"

"தொட்டுப் பாருங்க."

கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. "கையுறையோட தடவினேன்மா. விரலெல்லாம் மரத்துக் கிடந்துச்சு. இல்லாத மாதிரிதான் இருந்துச்சு."

வேறு மீன் கடித்துக் குறைந்திருக்கலாம். சரியாக வெட்டாமல் விட்டதாகவும் இருக்கலாம். மூன்று வருடங்களுக்கு முன் இந்தக் குஞ்சுகளுக்குத் துடுப்பு வெட்டிய ஆறு பேரில் நானும் ஒருத்தி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வெட்டினோம். என் கத்தரியே இதைப் பாதியில் விட்டிருக்கலாம். அதை அறிய எந்த வழியும் இல்லை.

மீனைக் குழாயில் விட்டுவிட்டு மேலதிகாரி கர்ட்டை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன்.

"துடுப்பு இருக்கா, இல்லையா?" என்றார்.

"பாதி இருக்கு."

"பாதின்னா இருக்குன்னு அர்த்தம்."

"நாம வெட்டினதாக்கூட இருக்கலாம் கர்ட்."

"இருக்கலாம். எனக்கும் ஆசைதான் லெனோரா. சந்தேகம்னா ஆத்து மீன். வேற என்னத்தச் சொல்றது நான்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஹார்லன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

வயர்லெஸ்ஸை இடுப்பில் மாட்டினேன்.

"என் பெட்டியிலயும் ஒரு கத்தரி கிடக்கு" என்றார் ஹார்லன், ஆற்றைப் பார்த்தபடி.

நான் குழாயின் மூடியை இறுக்கினேன்.

"சும்மா சொன்னேம்மா."

"தெரியும்."

ஆண்டவரே, இவள் யாருடையவள் என்று காட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். செவுள்கள் திறந்து திறந்து மூடின. வேறு ஒன்றும் காட்டப்படவில்லை. மணி மூன்றே கால். இன்னொரு மீன் அகப்பட நேரம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று ஆற்றில் இருந்த ஒரே படகு ஹார்லனுடையது. அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அதற்குப் பிறகும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீசினார். நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன். ஒன்றும் கடிக்கவில்லை.

"போதும், வாங்க" என்றேன்.

மீன் தளர்ந்திருந்தது. அப்படியே விட்டால் மல்லாந்துவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து இரு கையாலும் தாங்கினேன். பின்னால் நின்று ஹார்லன் என் இடைவாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாத. அவளா போவா."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் வாலை ஒரு முறை அடித்துவிட்டுக் கையை விட்டுப் போனாள்.

கரையேறினோம். வண்டியின் பின்னால் முன்பே ஏற்றிவைத்திருந்த தடைப் பலகைகளில் ஒன்றை எடுத்தேன். விரல்கள் மடங்கவில்லை. ஆணி இரண்டு முறை பனியில் விழுந்தது. ஹார்லன் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். கம்பத்தில் பலகையை வைத்து நான்கு மூலையிலும் அடித்தார். ஒரு மூலை சற்றே பிதுங்கியிருந்தது. அதையும் விடாமல் தட்டிச் சரிசெய்தார்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"ஆறு."

"கீழ்ப்பக்கம் போறதக் குடு. போற வழியில நானே அடிச்சிடறேன். நீ அந்த மொத மீனைக் கொண்டுபோய்ச் சேத்துடு. தொட்டியில அதுக்கு மூச்சு முட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும், மறுப்பது அவரிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்குவதாகும் என்று தோன்றியது. கீழ்ப்பக்கத்துக்கான மூன்று பலகைகளையும் ஆணிப் பொட்டலத்தையும் கொடுத்தேன். படகின் இருக்கையில், வழக்கமாக வெளியூர்க்காரர்கள் உட்காரும் இடத்தில் அவற்றை அடுக்கி, காற்றில் பறக்காமல் கயிற்றால் கட்டினார். பிறகு துடுப்பைப் போட்டுக் கீழ்நோக்கிப் போனார்.