பிரிம்மி எடின்பரோவுக்கு வராது

வழக்கு நாட்களில் தோரா ஃபவுபிஸ்டரும் அவளுடைய எதிராளி மான்ஸி லிங்க்லேட்டரும் ஒரே கப்பலில்தான் தீவை விட்டுக் கிளம்புவார்கள். காலையில் ஒரு கப்பல், சாயங்காலம் ஒரு கப்பல். சண்டைக்காரர்களுக்கென்று தனியாகவா விடுவார்கள்? நகரத்துத் துறையில் இறங்கியதும் மான்ஸி வெட்கமில்லாமல் தோராவின் வேனில் ஏறிக்கொள்வான்.

தோராவின் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதை மான்ஸியின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிப் போகிறது. அதன் வழியாகத்தான் அவள் சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளைச் சுமந்துகொண்டு தன் படகுக்குப் போவாள். ஒரு நாள் வேலிக்கதவைச் சாத்த மறந்துவிட்டாள். மான்ஸி பூட்டுப் போட்டுவிட்டான். படகுக்குப் போகாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு ஏது? கோர்ட்டுக்குப் போனாள்.

நகரத்து நீதிபதி அம்மாள், பாதையை நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் மான்ஸியின் மருமகன் பிடித்துக்கொடுத்த எடின்பரோ வக்கீல், இது சிக்கலான சட்டப் பிரச்சினை, தலைநகரான எடின்பரோவின் பெரிய கோர்ட்டுக்கே மாற்ற வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார். இன்று அதன் விசாரணை.

"அங்கே போனா யாரும் உங்க தீவுக்கு வரமாட்டாங்க, காகிதத்தைத்தான் பார்ப்பாங்க" என்று தோராவின் வக்கீல் சொல்லியிருந்தார். அந்தப் பாதை எந்தக் காகிதத்திலும் இல்லை; காலங்காலமாக அதில் நடந்து வந்ததுதான் அவளுடைய ஒரே ஆதாரம், அதைத்தான் மான்ஸி மறுத்திருந்தான். காலைக் கப்பலில் தோரா தான் கொண்டுவந்த பார்லி ரொட்டியைத் தொடவே இல்லை. மான்ஸி தொட்டான்.

"ரொட்டியில உப்பு கம்மி."

"ஓசியில தின்னுட்டு நொட்டை வேறயா?"

"பெரிய கோர்ட்டுல பெரிய நியாயம் கிடைக்குமாம், தோரா."

"எத்தனை நாளு ஆகும்?"

"மூணு நாலு நாளாவது ஆகுமாம்."

"நானும் வரணுமா?"

"கேஸைப் போட்டவளே வராம?"

தோரா யோசித்தாள். "ஏய்யா, அப்ப பிரிம்மியை யாரு பார்த்துக்குவா?"

மான்ஸி மெல்லுவதை நிறுத்தினான். பிரிம்மி அவனுடைய பசு, நிறைசினை. அவனையும் தோராவையும் தவிர யாரையும் கிட்டே சேர்க்காது. மாட்டு டாக்டரையே உதைத்துச் சாணியில் தள்ளிய மகராசி. அவன் ஊரில் இல்லாவிட்டால் தோராதான் அதற்கு எல்லாம். மிச்ச ரொட்டியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கோர்ட்டில் எடின்பரோ வக்கீல் வீடியோ திரையில் தோன்றி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் மான்ஸி எழுந்து நின்றான்.

"அம்மா, மாத்த வேணாம். இங்கயே இருக்கட்டும்."

"சார், நாம பேசி முடிவு பண்ணதுதானே இது?" என்று திரை பதறியது.

"நாம கேஸைப் பத்திதான் பேசினோம். பசுவைப் பத்திப் பேசவே இல்லையே!"

நீதிபதி முகத்தைக் கோப்புக்குள் தாழ்த்திக்கொண்டார். நிமிர்ந்ததும் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு, தான் தீவுக்கு வரும் நாளைக் குறித்தார். தோராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பூட்டை எடுத்துருவியா?" என்று திரும்பும் கப்பலில் கேட்டாள்.

"அதெப்படி? கேஸு கேஸுதான். நான் ஒண்ணும் விட்டுக்கொடுக்கல."

நீதிபதி வந்த காலையில்தான் பிரிம்மிக்கு வலி கண்டது. நீதிபதியும், ரப்பர் பூட்ஸ் மாட்டிய வக்கீல்களும் வந்தபோது வேலிக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பூட்டு புல்லில் கிடந்தது. சேற்றில் இரண்டு பேர் ஓடிவந்த தடம். அதைப் பிடித்துக்கொண்டே போனால், கொட்டகையில் வாதியும் பிரதிவாதியும் ஒரே கன்றின் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வழியா வந்தீங்க, தோரா?" என்றார் நீதிபதி.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தோராவை முந்திக்கொண்டு மான்ஸி கத்தினான். "வேற ஏது வழி? பொறந்ததுலேருந்து அவ இந்த வழியாத்தான் வர்றா!"

எடின்பரோ வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டார். சொன்னது என்னவென்று அப்போதுதான் மான்ஸிக்கு உறைத்தது. வாயைப் பிளந்துகொண்டு தோராவைப் பார்த்தான்.

"அப்புறமா என்னைத் திட்டிக்க" என்றாள் தோரா. "இப்ப இழு!"