மாமி வீட்டின் கால்கள்

இரண்டு மணிக்கட்டும் வீங்கி, விரல்கள் மடங்க மறுத்தன. ஒரு கிழமையாகத் தொழிற்சாலைப் பிரெஸ் மெஷினுக்குள் தகரம் தள்ளிய கைகள். மெல்பேர்னின் டண்டினொங் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் இரத்தினசிங்கம் சாப்பாட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடந்தான். வாசலில் திறப்பைப் பிடித்துப் பூட்டைத் திறக்க முடியாமல் முழங்காலால் கதவை இடித்தான்.

“இஞ்சரப்பா, கதவை உடைச்சுப் போடாதை! வாடகை வீடு!” உள்ளேயிருந்து ஹஸ்னா கத்தினாள்.

அவளுடைய தமிழ் முழுதும் அவன் வாயிலிருந்து எடுத்தது. யாழ்ப்பாணத்தான் பெண்சாதியைக் கூப்பிடுகிற மாதிரியே அவள் புருஷனைக் கூப்பிடுவாள். கோபம் வந்தால் கப்பல் எஞ்சின் அறைப் பேச்சும் வரும். பஜனைக்குக் கூப்பிட வந்த சத்தியபாமா அன்ரி ஒருமுறை அதைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் கீழே வைத்தவர், திரும்ப எடுக்கவில்லை.

குசினிக் கதிரையில் பாசோ இருந்தான். ஹஸ்னாவின் தாய்மாமன் மகன், கப்பல்காரன். அவனுடைய கப்பல் மெல்பேர்ன் துறைமுகத்தில் கம்பளிப்பொதி ஏற்றிக்கொண்டிருந்தது. அவன் பேசியது அவர்களுடைய பூகிஸ் பாஷை. இரத்தினசிங்கத்துக்கு அதைப் பேசத்தான் அரைகுறை; காதில் அது தன் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது.

“மச்சான், கை என்ன பலூனோ?” என்று சிரித்த பாசோ சட்டென்று நிறுத்திக்கொண்டான். ஹஸ்னா சிரிக்கவில்லை. அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

“அம்மான்ர வீட்டுக்குக் கீழ கடல் வந்திட்டுதாம், பாசோ பாத்திட்டு வந்திருக்கிறான்,” என்றாள். “கரைவரிசையில இருந்த எல்லாரும் வீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டினம். அம்மா மட்டும் நிக்கிறா.”

சுலாவெசித் தீவின் மேற்குக் கரையில், பரேபரேக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் நிலம் வேறு, வீடு வேறு. தென்னை ஒருவனுக்கும் அது நிற்கிற மண் இன்னொருவனுக்கும் சொந்தமாக இருக்கும். யாரும் அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டார்கள். வீடுகள் மரத்தால் ஆனவை, உயரமான தூண்களின்மேல் நிற்பவை. அந்தத் தூண்கள் கல்லின்மேல் சும்மா வைக்கப்பட்டிருக்கும். கடல் நெருங்கினால், தம்பிக்குப் பக்கத்தில் இருக்க ஆசை வந்தால், பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்காவிட்டால், ஊரைக் கூப்பிடுவார்கள். கீழே மூங்கில்களை இறுக்கிக் கட்டி, ஆண்கள் தோளைக் கொடுத்து, ஒரே கூச்சலில் வீட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

இரத்தினசிங்கம் முதன்முதலில் அதைப் பார்த்தபோது பயந்துபோனான். எஞ்சினுக்கு எண்ணெய் விடும் எண்ணெய்க்காரனாக அவன் வேலை செய்த சரக்குக் கப்பல் பரேபரேயில் எஞ்சின் உடைந்து மாதக்கணக்காய்க் கிடந்தது. மீன் வாங்க அந்த ஊருக்குப் போய், ஹஸ்னாவைக் கண்டு, ஊர் வழக்கப்படி பள்ளிவாசலில் கல்யாணம் கட்டி, மாமி வீட்டிலேயே தங்கிவிட்டான். ஒருநாள் மாமி விளையாட்டாக, “உனக்குச் சூடு கூடவெண்டால் சொல்லு, வீட்டை மலைப்பக்கம் கொண்டுபோய் வைப்பம்,” என்றாள். அன்றிரவு அவன் கீழே இறங்கி ஒவ்வொரு தூணையும் தள்ளிப் பார்த்தான்.

யாழ்ப்பாணத்து ஊரெழுவில் அவன் தகப்பன் பிறத்தியாரின் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். குடியிருந்த மண்குடிசை தோட்டக்காரருடைய நிலத்தில் நின்றது. ஒரு சண்டையில் தோட்டக்காரர் ஆட்களை விட்டுக் கூரையைப் பிரித்தார். தாய் உலைப்பானையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு வெளியே ஒழுங்கையில் நின்றாள். வீடு அசையும் என்றால் அவனுக்கு அதுதான்.

அதனால் ஆஸ்திரேலியாவுக்கு வருமுன், கப்பல் ஏஜென்டிடம் சீமெந்து வாங்கி, ஒவ்வொரு தூணையும் சுற்றிக் கிடங்கு வெட்டி, நிலத்துக்கு மேலும் தூணை மார்பளவு மூடும்படி கொங்கிரீட் போட்டான். ஊரார் கூடிநின்று பார்த்தார்கள். பைத்தியம் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமி அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

“போன மாதம் தூக்கிப் பார்த்தவையாம்,” என்றாள் ஹஸ்னா. “ஓடு இறக்கி, பானைசட்டி இறக்கி, ஊர் முழுக்க வந்து நிண்டு தூக்கியும் அசையேல்லை.”

“தூணை அரியலாமே! சீமெந்துக்கு மேல வாளைப் போட்டா முடிஞ்சுது,” என்றான் இரத்தினசிங்கம்.

“அதைத்தான் எல்லாரும் சொல்லினம்,” என்றான் பாசோ. “மாமி விடமாட்டா எண்டு நிக்கிறா. வாளைக் கொண்டுபோனவனைத் துடைப்பத்தால அடிச்சுப் போட்டா. இது என்ர மருமகன் நட்ட கால், அவன்ர சொல்லில்லாமல் வெட்டினால் அவனுக்கு இஞ்சை இடமில்லை எண்டு நாங்களே சொன்ன மாதிரி ஆகிடும் எண்டு சொல்லுறா. படுக்கிறதும் அங்கதான். மேற்குக் காற்று இன்னும் உரக்கத் தொடங்கேல்லை. தொடங்கினால் வீடும் போகும், மாமியும் போவா.”

இரத்தினசிங்கம் கதிரையில் இருந்தான். மேசையில் கிடந்த தன் கைகளைப் பார்த்தான். மாமிக்கு அரணாக இருக்கட்டும் என்று அந்தக் கைகளால் குழைத்த சீமெந்து அது.

“நான் போறன்,” என்றான்.

“எப்பிடிப் போவாய்? நீந்தியோ?” ஹஸ்னா மூக்கை உறிஞ்சினாள். “நீ லீவு கேட்டால் போர்மன் உன்னை ஒரேயடியா அனுப்பிப்போடுவான். விசரா.”

“அப்ப பாசோ போய்ச் சொல்லட்டும். நான் வெட்டச் சொன்னனெண்டு.”

பாசோ தலையைச் சொறிந்தான். அவனுடைய கப்பல் நாளை சுரபாயாவுக்குப் புறப்படுகிறது. அங்கே இறங்கி, பாய்மரப் படகில் மக்காசாருக்குப் போய், பஸ் பிடித்தால் ஊர். போவது பிரச்சினையில்லை. “நான் சொன்னால் நம்பமாட்டா, மச்சான். சின்ன வயசில நான் மாமியிட்டைச் சொல்லாத பொய்யில்லை.”

பிறகு அவனே எழும்பிப்போய்த் தன் பையிலிருந்து குரல் பதியும் ரேப் ரெக்கோடரை எடுத்துவந்தான். சிங்கப்பூரில் வாங்கிய புதுச்சாமான். ஒரு பாட்டுக் கசெட்டைப் போட்டு, “இதில இருக்கிற பாட்டை அழிச்சுப் பேசு. உன்ர குரலை மாமி எங்கயும் கண்டுபிடிப்பா. எங்கட பாஷையை உன்ன மாதிரிக் கொலை செய்ய வேற ஆளில்லை,” என்றான்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினான். இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினான். சட்டைக் கொலரை இழுத்துவிட்டான். “மதிப்புக்குரிய மாமி அவர்களுக்கு...”

ஹஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, ரேடியோச் செய்தியோ? ஆர் செத்தது எண்டு அம்மா கேக்கப்போறா! வீட்டில கதைக்கிற மாதிரிக் கதையப்பா.”

மறுபடி பொத்தான். இந்த முறை அவன் மெஷினைப் பார்க்காமல் ஹஸ்னாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் மாமியின் நெற்றி இருந்தது. தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் தொடங்கினான்.

“அம்மா. சாப்பாடு சாப்பிட்டது? நான் சிங்கம். சீமெந்து நான் போட்டது, நான் மடையன். வெட்டு. எல்லாக் கால் வெட்டு. வீடு நடக்கட்டும். நான் போறது இல்லை. வீடு எங்க, நான் அங்க. உனக்கு முழங்கால் நோவு எண்டா படி பாதி குறையும், நல்லது. அம்மா, இறங்கி நில். கடல் கிட்ட நிக்காதே. எனக்கு...” அதற்குமேல் அவனுக்கு அந்தப் பாஷையில் சொல் வரவில்லை. தமிழில், “எனக்கு வேற தாய் இல்லையம்மா,” என்றான்.

ஹஸ்னா எட்டிப் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினாள். பிறகு ஒரு அகலக் கோப்பையில் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டுவந்து, அவன் இரண்டு கைகளையும் பிடித்து அதற்குள் வைத்தாள். பாசோ ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற எவனுடையதோ காரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயிலும் புழுக்கமுமாய் மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு பாசோ கருவாட்டுப் பொதியோடு வந்து நின்றான். நாற்றத்துக்குப் பஸ்ஸில் தன்னைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான்.

“கசெட்டைப் போட்டன். கேட்டா. திருப்பிப் போடு எண்டா. கடைசியில தமிழில ஏதோ சொன்னாய், அதுக்கு என்ன அர்த்தமெண்டு கேட்டா. எனக்குத் தெரியாது எண்டன். தனக்குத் தெரியும் எண்டு சொல்லிப்போட்டு, வாளைத் தானே எடுத்துக் குடுத்தா.”

வீடு இப்போது தென்னந்தோப்புக்கு அப்பால் கட்டையாய் நிற்கிறது. கீழே ஆடு கட்ட முடியாது, கோழி மட்டுந்தான். மாமி படியேறுவது சுலபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

“எல்லாரும் வந்தவையே தூக்க?” என்று கேட்டான் இரத்தினசிங்கம்.

“வராமல்? இரண்டு தரமும் வந்தவை.”

ஹஸ்னா கருவாட்டைப் பிரித்தபடி, “உனக்குத் தெரியாதே, அங்க தோளுக்குக் கூலி இல்லை,” என்றாள். “ஆர் வந்து தூக்கினானோ, அவன்ர வீடு எழும்பேக்க எங்கட வீட்டு ஆம்பிளை போய்த் தோள் குடுக்கவேணும். காசு குடுத்தால் மூஞ்சியில எறிவாங்கள்.”

“எங்கட வீட்டில ஆம்பிளை ஆர்?”

“நீதான், வேற ஆர்?”

முதல் தரம் வீடு அசையாமல் ஏமாந்து போனவர்கள் கொடுத்த தோளும் கணக்கில் சேருமா என்று அவன் கேட்டான். சேரும் என்றான் பாசோ.

அந்த ஊரில் மாமி வீட்டைத் தூக்கிய ஒவ்வொருவனுக்கும் இரத்தினசிங்கம் இரண்டு தரம் தோள் கொடுக்கவேண்டும். இன்னும் ஒருவனுக்கும் கொடுக்கவில்லை.